அத்தை வீட்டுக்கு வதாரு போட்ட வரி மனு

வதாருவுக்குத் தன்னைப் பற்றி இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, சட்டம் தெரியும். இன்னொன்று, பொய் சொல்லத் தெரியாது. இரண்டாவது பெருமையே பெரிய பொய் என்பதைப் பிற்பாடு அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மிகுரா துறைமுகத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவர் வாத்தியார். திரும்புவதற்கு முன்னால் பின்பக்கம் பார், பார் என்று ஊரில் பாதிப் பேரை அதட்டியவர். ஒரே ஒரு குறை, கார் போகாத இடத்துக்கு அவர் கால் போகாது. அத்தை கினுயோவின் வீடு அப்படிப்பட்ட இடத்தில்தான் இருந்தது. குன்றின் மேல், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டுச் சந்து.

கினுயோ அவருடைய அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வாங்கிய வீடு அது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், "கால் சரியாகுற வரைக்கும்தான் அத்தை" என்று சொல்லி வதாருதான் அவளை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்.

பள்ளிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள்தோறும் இல்லத்துக்குப் போவார். போனதும் அத்தை கேட்பது ஒன்றுதான்.

"வீட்டைத் தெறந்து காத்தாட விட்டியாடா?"

"விடாம? இப்பத்தான் அங்கேருந்து நேரா வரேன்."

முதல் தடவை வாய் தவறி வந்த பொய். அடுத்த வாரம் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று தேவைப்பட்டது. தாழ்வாரத்துக்கு அடியில் பூனை குட்டி போட்டது. கிணற்றடியில் செடி பூத்தது. அடுத்த வீட்டுக்காரன் கூரைக்கு நீல வர்ணம் அடித்து, தெருவே முகம் சுளித்தது. கார் ஓட்டுகிறவரா, தொடர்கதை எழுதுகிறவரா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். பேரங்காடியில் தக்காளி போலிருக்கும் பெர்சிமன் பழம் வாங்கி, ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி, கொஞ்சம் மண்ணையும் தடவி, "நம்ம வீட்டு மரத்துப் பழம்" என்று கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை ஒரு பழம் முழுசாகத் தின்று, "தேனா இருக்குடா" என்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீடு உள்ள மனைக்கு வரியில் பெரிய சலுகை உண்டு. கினுயோவின் வீடு பராமரிப்பில்லாத காலி வீடு என்று முடிவாகிவிட்டதால் அந்தச் சலுகை ரத்து. வரி பல மடங்கு. கூடவே, கொடிகள் ஏறிய அந்த வீட்டின் புகைப்படம் ஒன்று. அதற்கு முன் வந்த எச்சரிக்கைகளை வதாரு பிரிக்காமலே குளிர்பதனப் பெட்டியின் தலையில் வைத்திருந்தார்.

அத்தையின் ஓய்வூதியம் இல்லத்துக்கே சரியாகப் போய்விடும். வரி இவர் தலையில்தான் விழும். வதாருவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டம் தெரிந்தவனிடமா? உட்கார்ந்து மறுப்பு மனு எழுதினார். 'இது காலி வீடு அல்ல. உரிமையாளர் குணமாகித் திரும்பி வர இருக்கிறார். வாராவாரம் நானே நேரில் சென்று கதவு சன்னல்களைத் திறந்து பராமரித்து வருகிறேன்.'

மனைவி சயோகோ அதை வாசித்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்றாள். "யாரு அந்த ஆளு? நம்ம வீட்டுக்கும் வாராவாரம் வந்தா நல்லாருக்கும்."

மனுவை விசாரிக்கும் பெண் அதிகாரி ஓகிஹாரா தொலைபேசியில் மிகவும் மரியாதையாகப் பேசினார். "உரிமையாளர் திரும்பி வரப் போறாங்கன்னு எழுதியிருக்கீங்க சார். அவங்ககிட்டயே நேர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறோம். நீங்களும் கூட இருங்க."

அதிகாரி அத்தையிடம் போனால் கொடிகள் ஏறிய வீட்டின் படம் வெளியே வரும், தன் தொடர்கதை முழுவதும் சந்தி சிரிக்கும். வரி போனால் போகட்டும். அத்தை முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? அதுதான் வதாருவின் பயம்.

விசாரணைக்கு முந்தின நாள், அத்தை இல்லத்துக்குப் போன பிறகு முதன்முறையாக, அரிவாளோடு குன்று ஏறினார். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. வீட்டைப் பார்த்ததும் மிச்ச மூச்சும் போயிற்று. கொடி சமையலறை சன்னலை உடைத்து உள்ளே குடியேறியிருந்தது. மரக்கதவு ஈரத்தில் உப்பி, தள்ளினால் அசையவில்லை. பூனையையும் காணோம், குட்டியையும் காணோம். கொஞ்ச நேரம் புல் வெட்டினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. வாசலில் சாய்ந்து உட்கார்ந்தவருக்குத் தாகம். மரத்தில் பெர்சிமன் தகதகவென்று பழுத்துத் தொங்கியது. ஒன்றைப் பறித்துக் கடித்தார்.

அப்படி ஒரு துவர்ப்பு! நாக்கு மரத்து, உதடு சுருங்கி, துப்பவும் முடியவில்லை. அத்தை வருஷாவருஷம் அந்தப் பழங்களைத் தோல் சீவி, கயிற்றில் கோத்து, கூரை விளிம்பில் காயப்போட்டதும், காய்ந்து வெள்ளை பூத்த பிறகே தின்னக் கொடுத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மரத்துப் பழத்தைப் பறித்த கையோடு யாராலும் தின்ன முடியாது. தின்று, தேனாக இருக்கிறது என்று சொன்னாளே அத்தை! வதாருவுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் இல்லத்தின் கூடத்தில் ஓகிஹாரா குனிந்து வணங்கி, தன் பெயர் அட்டையை இரு கைகளாலும் அத்தையிடம் நீட்டினார். வீட்டின் படம் இருந்த கோப்பு மட்டும் மூடியே இருந்தது.

"அம்மா, உங்க வீட்டை யாரு பாத்துக்கறாங்க?"

வதாரு தரையைப் பார்த்தார். அத்தை சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதோ நிக்கிறானே, இவன்தான். வாராவாரம் போவான். மழையானாலும் போவான்."

"உங்ககிட்ட சொல்வாராம்மா?"

"சொல்லாம? தாழ்வாரத்துக்கு அடியில பூனை குட்டி போட்டிருக்கு. மூணு கறுப்பு, ஒண்ணு வரி வரியா. அடுத்த வீட்டுக்காரன் கூரைக்கு நீலம் அடிச்சுட்டான், கண்ணு கூசுது. அறையில பாயெல்லாம் எடுத்து வெயில்ல காய வச்சிருக்கான். நான் நாளைக்குப் போனாலும் அப்படியே படுத்துக்கலாம்."

பாய் காயவைத்தது வதாரு சொன்ன கதையில் இல்லை. அது அத்தையின் சொந்தச் சரக்கு. ஓகிஹாரா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே போனார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் மனு ஜெயித்துவிடும் என்று வதாருவுக்கே தெரிந்தது.

"அத்தை, போதும்," என்று வதாரு அதிகாரி பக்கம் திரும்பினார். "மேடம், நான் போகல. நேத்துதான் மொத தடவையா போனேன். எழுதினது எல்லாம் பொய்."

ஓகிஹாரா பேனாவை மூடினார். "நான் இதைத்தான் சார் எழுதணும்," என்று வருத்தமாகச் சொல்லி, அத்தைக்கு ஒருமுறையும் வதாருவுக்கு ஒருமுறையும் குனிந்துவிட்டுப் போனார். கடைசிவரை கோப்பைத் திறந்து காட்டவில்லை. அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும்.

அவர் வாசலைத் தாண்டியதும் அத்தை வதாருவின் முழங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "மடையா! ஜெயிச்சுக்கிட்டு இருந்தோமேடா!"

"உனக்கு எப்பவோ தெரியும்ல?"

"பழத்தைக் கொண்டு வந்து நீட்டினியே, அன்னிக்கே தெரியும்."

"அப்பவே நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே அத்தை."

"திட்டியிருந்தா வந்திருப்பியா?" என்றாள் அத்தை. "நான் அந்த வீட்ல இருந்தவரைக்கும் வருஷப் பொறப்புக்கு ஒரு தடவை வருவே. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க வந்து, ஒரு கோப்பை தேநீர் குடிச்சு முடிக்கறதுக்குள்ள கடிகாரத்தைப் பாப்பே. இங்க வந்தப்புறம்தான்டா உக்காந்து பேசினே. பூனை, பூச்செடின்னு சாயங்காலம் சோறு வர வரைக்கும் பேசுவே. பொய்யாயிருந்தா எனக்கென்ன?"

வதாருவுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயசில், சீருடைப் பெண்கள் போய்வருகிற கூடத்தின் நடுவில் அழுவது அழகில்லை என்று தெரிந்தும் அழுதார்.

"இனிமே கதை சொல்றதுக்குத்தான் வீடே இல்லியே," என்றாள் அத்தை. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "அடுத்த திங்கக்கெழமை வருவியா?"

"கண்டிப்பா வருவேன் அத்தை. இனிமே ஒரு வாரம்கூடத் தவறாது."

அத்தை அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இதையும் நல்லாத்தான் சொல்றே," என்றாள்.