சகலைக்குப் பக்கத்து சீட்

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து பீடி பிடிக்கப் போய்விடுகிற ஆள் நான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

எனக்கு பெங்களூரில் ஸ்ரீராம்புரம். பெயிண்டர் வேலை. என் மனைவி கலாவின் தங்கையைக் கட்டிய சேகர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். பழைய ஏர்போர்ட் இருந்த காலத்தில் கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியது.

"சிங்கப்பூர்ல ஏறுனா லாஸ் ஏஞ்சல்ஸ்லதாண்ணா இறங்கணும். பதினாலாயிரம் கிலோமீட்டரு, பதினாறு மணி நேரம், நடுவுல எங்கியும் நிக்காது" என்று மாமியார் வீட்டில் சொன்னான். கலா கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசும்போது ஒரு நாளும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது, "நீங்க ஓசூரையாவது தாண்டியிருக்கீங்களா?" என்று சிரித்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் புறப்படும் நாள் அஷ்டமி. நாள் சரியில்லை என்றால் எங்கள் வீடுகளில் பரஸ்தானம் வைப்பார்கள். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணம் போகிறவனின் துணியை வேறு வீட்டில் வைத்துவிட்டால் ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. சேகரின் சட்டையை மாமியார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். கலா கைக்குக் கிடைத்த துண்டில் அதைச் சுற்றிக் கட்டினாள். அது என் வேலைத் துண்டு, ஓரத்தில் நீலப் பெயிண்ட் கறை இருக்கும். சேகர் அந்த மூட்டையைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மதியம், அவன் சிங்கப்பூரில் ஏறுகிற நேரம், நான் காக்ஸ் டவுனில் சாரத்தின் மேல் நின்று ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், அந்த இடத்தில் நான் உட்காரக் கூடாதா என்று வயிறு எரிந்தது. பட்டென்று இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. கூட வேலை செய்தவர் கத்துவது வாயசைவாக மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மறுநாள் விடியும்போதுதான் காது திறந்தது. வெயில் பட்டிருக்கும் என்றாள் கலா.

ஒரு வாரம் கழித்து பக்கத்து வீட்டு போனுக்குச் சேகர் பேசினான். கலாவை விட்டுவிட்டு என்னைக் கேட்டான்.

"அண்ணா, நான் கிளம்புன மறுநாள் எங்க இருந்தீங்க?"

"காக்ஸ் டவுன்ல. ஏம்பா?"

"பிளேன்ல பக்கத்து சீட்ல அப்படியே உங்கள மாதிரி ஒருத்தரு. தோள்ல நீலக் கறைத் துண்டு. பேசுனா பதிலே இல்ல, ஜன்னலயே பாத்துக்கினு வந்தாரு. சாப்பாடு குடுத்தா மட்டும் மிச்சம் வெக்காம சாப்டாரு."

"அப்புறம்?"

"இறங்குனதும் எனக்கு முன்னாடியே போயிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல. ரூமுக்குப் போயி பெட்டியத் தொறந்தா சட்ட மட்டுந்தான் இருக்கு. துண்டு இல்லண்ணா."

கலாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவராவது போனாரே" என்றாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இன்னும் பிளேன் ஏறவில்லை. சேகர் மேல் இருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. என் துண்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து போனானே, அவனை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எப்போதாவது மதியத்தில் அதே மாதிரி காது அடைக்கும். கலாவிடம் சொன்னால் உடனே எழுந்து போய்க் கதவைத் திறந்து வைப்பாள். பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அன்றைக்குச் சேகர் பேசியபோது பார்த்தாளே, அதே மாதிரி கண் இமைக்காமல்.