கண்ணாடி சுத்தம் என்று எழுதினேன்

போடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இணைய ஏலத்தில் பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி விற்பது கடை வேலையோடு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்த நாட்டிலோ யாரோ பரணைக் காலி செய்து ஏலத்தில் போடுவார்கள். நான் எடுத்து, கழற்றித் துடைத்து, இறுகிப்போன வளையத்தைச் சுழல வைத்து, மறுபடி ஏலத்தில் போடுவேன். கண்ணாடியோடு புழங்கும் கைக்கு அது கஷ்டமான காரியமில்லை.

அந்த லென்ஸ் ஒரு மழைக்காலத்தில் வந்தது. ஆட்களின் முகத்தைப் படம்பிடிக்க வாகான, கனமான பழைய லென்ஸ். விற்றவர் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கழற்றித் துடைத்தேன். வலை போனது, ஆனால் கண்ணாடியின் மேல்பூச்சை அது தின்றுவிட்டிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பால் சிந்தினதுபோல் ஒரு மங்கல். கடல் தாண்டித் திருப்பி அனுப்புவது ஆகிற காரியமில்லை. நான் ஏமாந்ததை இன்னொருவர் தலையில் கட்டினால் என்ன என்று தோன்றியது. மங்கல் தெரியாத கோணம் பார்த்துப் படம் எடுத்தேன். "கண்ணாடி சுத்தம்" என்று எழுதி ஏலத்தில் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏலம் முடிந்தது. கடைசி நிமிடம் வரை இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக, தயங்கித் தயங்கி ஏற்றிக்கொண்டே போனார். பார்க்க எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அவரே ஜெயித்தார். முகவரி வந்ததும்தான் திக்கென்றது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு ஏலக்காய்த் தோட்டத்து லயம், வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. நான் கடை வாசலில் நின்று நிமிர்ந்தால் தெரிகிற மலை. எங்கேயோ இருக்கிற ஒருவர் என்று நினைத்துத்தான் அந்த இரண்டு வார்த்தையை எழுதியிருந்தேன். அப்போதும் நிறுத்தியிருக்கலாம். மறுநாள் பார்சல் கட்டி அனுப்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியை வைத்து விசாரித்து வந்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவர். கழுத்து மப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை. துண்டில் சுற்றியிருந்த லென்ஸை மேஜையில் வைத்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து பதிலையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க குடுத்த பொருள நான் கெடுத்துப்புட்டேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எம் மக நர்சு வேலைக்கு வெளிநாடு போச்சு. போறதுக்கு முந்தி நல்லா நாலு படம் எடுக்கணும்னுதான் ஏலத்துல புடிச்சேன். கல்யாணப் படம் எடுக்குறவர்ட்ட ஒரு பழைய கேமராவும் வாங்குனேன். மெட்டுல நிப்பாட்டி எடுத்தோம். கேமராவுல பாக்கயில மஞ்சு மூடியிருக்குன்னு நெனச்சேன். எங்க பக்கம் எந்நேரமும் மஞ்சுதானே. இங்க ஸ்டுடியோவுல பிரிண்டு போட்டாத்தான் தெரியிது, ஒண்ணுலகூட மொகம் வெளங்கல. லென்சுல பூஞ்சைன்னு சொல்றாக. எங்க லயத்துச் செவுரு மழைக்கு ஒழுகும். அந்த ஈரத்துல வச்சுட்டேன்ல, அதான்."

படங்களைக் காட்டினார். ஒரு பெண் சேலை கட்டி நிற்கிறாள். பின்னால் வெளிச்சம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை.

"சரி பண்ண முடியுமாம்மா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. கடையில் வேறு யாரும் இல்லை. நான் டார்ச்சை எடுத்து, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த மங்கலை முதல் தடவை பார்க்கிறவள்போல் பார்த்தேன்.

"ஆமாண்ணே, மலையில ஈரம் ஜாஸ்தி. வெரசா புடிச்சுரும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். வேறொரு நல்ல லென்ஸ் தருகிறேன், இதை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். "அய்ய, நான் கெடுத்ததுக்கு நீங்க எதுக்கும்மா குடுக்கணும்? சாரமில்ல" என்றார். மலையில் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். துண்டில் பழையபடி சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அதன்பிறகு வேலை ஓடவில்லை. யாருக்காவது பவர் பார்க்கும்போது, "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்கவே வாய் கூசியது. மூன்று மாதம் அப்படியே போனது. ஒருநாள் மதியம் பார்சல் ரசீதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். முதலில் அடையாளம் தெரியவில்லை, பிறகு, "சொல்லுங்கம்மா, நல்லாருக்கீகளா?" என்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பூஞ்சை முன்பே இருந்தது, தெரிந்தேதான் அனுப்பினேன், உங்கள் வீட்டு ஈரம் காரணமில்லை.

ஜீப்பு இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதை அணைத்தார்.

"அன்னைக்கு நேர்லயே வந்தேனேம்மா, அப்பச் சொல்லலியே."

"தப்புதாண்ணே."

"எம் மக போன் பண்றப்பல்லாம் அப்பாதான் கெடுத்துப்புட்டேன், மன்னிச்சுக்க ஆத்தான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். வீட்டுல அதுக்கம்மா இன்னும் ஏசுறா. ஒரு பொருள ஒழுங்கா வைக்கத் தெரியாதாங்குறா." இன்ஜினை மறுபடி கிளப்பினார். "சரி, சோலி கெடக்கு. வைக்கிறேன்."

என்னிடம் இருந்ததிலேயே நல்ல லென்ஸை அன்றே கூரியரில் அனுப்பினேன். பத்து நாளில் பிரிக்காமல் திரும்பி வந்தது. வாங்க மறுத்துவிட்டதாக மேலே எழுதியிருந்தார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவரைப் பார்த்தேன். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். கிட்டே போய், "அண்ணே" என்றேன். திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. வழியில் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வண்டி எடுக்கணும்" என்றார்.

தள்ளி நின்றேன்.