என் பேச்சுக்கு அவள் வைத்த பேர்கள்

என் தங்கை பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். அதற்கு மேல் பி.எட்.டும் முடித்தாள். நான் எட்டாவதோடு நின்றேன். நின்றேன் என்பது சரியில்லை. ஆட்டுக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அவளைக் கொண்டுபோய் உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கே என் கையில் கோலைக் கொடுத்தார் அப்பா. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. படிப்பு முடிந்து அவள் என் வீட்டுக்குத்தான் வந்தாள். வேலை கிடைக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஒரு மாதத்தில் பேசியதே அந்த ஒன்றுதான்.

போன புளிக் காலம். காலையில் வாசலில் உட்கார்ந்து நான் புளி தட்டுவேன். ஓடு எடுத்து, கொட்டை எடுத்து, நார் உருவ வேண்டும். அவள் எதிரில் உட்காருவாள். ஒரு கையில் நார் உருவுவாள், ஒரு கையில் புத்தகம். ஒரு படி நான் முடிக்கும்போது அவள் ஒரு பிடி முடித்திருப்பாள்.

கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை காலி என்று தெரிந்து எழுதிப் போட்டிருந்தாள். பத்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். டெமோ என்று அதற்குப் பேர். அது நன்றாக இருந்தால் வேலை. பாடம், ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச். தமிழில் அணி என்று நானும் படித்திருக்கிறேன். உவமை, உருவகம் வரை ஞாபகம் இருந்தது. அவள் சிமிலி, மெட்டஃபர் என்று ஆரம்பித்துப் பதினைந்து பேர் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் வேறாக இருந்தது. சாப்பிடும்போதுகூட அப்படி இருக்க மாட்டாள்.

புத்தகத்தில் இருந்த உதாரணம் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பனிக்கட்டி மாதிரி வெள்ளை என்று ஒன்று இருந்தது.

"பனிக்கட்டிய யாருக்கா பாத்தாங்க? பசங்களுக்கு நம்மூருதா ஒண்ணு சொன்னாத்தான் ஏறும்" என்றாள்.

அன்றைக்கு வெயிலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. மேகம் வந்தது. இரண்டு சொட்டு விழுந்தது. ஓடிப்போய் பாயைச் சுருட்டினேன். அதற்குள் வெயில் வந்துவிட்டது.

"இன்னாக்கா மழை?"

"எட்டிப் பாத்துட்டுப் போய்டுச்சி. வூட்ல ஆள் கீதான்னு."

அவள் புத்தகத்தைக் கீழே போட்டாள். "அக்கா, இன்னொரு தபா சொல்லு."

"இன்னாத்த?"

"மழை எட்டிப் பாத்துச்சின்னு சொன்ன இல்ல. அது பர்சானிஃபிகேஷன். உசுரில்லாதத ஆள் மாதிரி சொல்றது."

நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. என் பேச்சை யாரும் எழுதி வைத்ததில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. ஜீப் எங்கள் மலை மேலே ஏறி வரும் சத்தம் கேட்டு, "நெறமாசக்காரி மாதிரி ஏறுது பார்" என்றேன். அது சிமிலி. அவள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, "உன் முடிக்கு ஒரு செக்கே வாங்கிப் போடணும்" என்றேன். அது ஹைப்பர்போலி, ஏற்றிச் சொல்வது. என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டாள்.

"உன் மாமன் ஒரு கல்லு. வெயில் அடிச்சா சுடுவாரு, மழை பேஞ்சா குளுருவாரு. வாயத் தொறக்க மாட்டாரு."

அவள் சிரித்துச் சிரித்து எழுதினாள். மெட்டஃபர், அதுவும் நீளமான மெட்டஃபர் என்றாள்.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. புளி என் கையில் இருந்தது. நோட்டு அவள் கையில் இருந்தது. நான் முப்பது வருஷம் பேசியதை வைத்து அவள் மேசைக்கு முன்னால் நிற்கப் போகிறாள். எனக்குத் தெரிந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த பேர் எதுவும் என் வாயில் நுழையவில்லை. பர்சானிஃபிகேஷன் என்று தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பாதியில் உடைந்தது.

அதன் பிறகு அவள் செய்கிற எல்லாமே எனக்குக் கரித்தது. அவள் விரல் வெள்ளையாக இருப்பது. செருப்பை வரிசையாக விடுவது. கடையில் இருக்கிறவர் அவளை "வாங்க மேடம்" என்றது. என்னை அவர் பத்து வருஷமாக "இன்னாம்மா" என்பார்.

ஒரு நாள் அவள் லேட்டாக எழுந்து வந்தாள். "கலெக்டரம்மா வர்றாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றேன். குத்தத்தான் சொன்னேன்.

அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஐரனி" என்றாள். நோட்டை எடுக்கப் போனாள்.

திட்டக்கூட முடியவில்லை. திட்டினால் அதற்கும் ஒரு பேர் இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். ஏதாவது கேட்டால் ம் என்றேன். சோறு வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் தட்டை வைத்தேன். வீட்டில் இரண்டு கல் ஆயிற்று. அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். நோட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, யூஃபெமிசம்னு ஒண்ணு கீது. நேரா சொல்லக் கூடாதத வேற பேர்ல சொல்றது. செத்துட்டாருன்னு சொல்லாம தவறிட்டாருங்கறோமே, அது மாதிரி. காட்டுக்குள்ள கரடிக்கி அப்பா வேற ஒரு பேர் சொல்வாரு இல்ல? அது இன்னாது?"

எனக்குத் தெரியும். அப்பாவோடு கடுக்காய் பொறுக்கப் போனவள் நான். ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் கரடி என்று சொல்லக் கூடாது. சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்துவிடும். அதற்கு ஒரு பேர் உண்டு. உறவுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அதைச் சொல்லி, வழி விடு என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் பேரையும் ஓடைக்கு இந்தப் பக்கம் சொல்லக் கூடாது. வீட்டில் சொன்னால் விருந்தாளியாக வீட்டுக்கே வரும். அதனால் இங்கேயும் எழுதவில்லை. அவள் விடுதியில் இருந்தாள். லீவுக்கு வந்தாலும் அவளைக் காட்டுக்கு விட மாட்டார்கள், படிக்கிற பிள்ளை என்று.

"வூட்ல சொல்லக் கூடாது" என்றேன்.

"சரி, ஓடையத் தாண்டிப் போலாம் வா. அங்க சொல்லு."

"நாளைக்கி."

மறுநாள் கேட்டாள். புளி மூட்டை கட்ட வேண்டும் என்றேன். அதற்கு மறுநாள் கால் வலி என்றேன். கால் வலி இல்லை. கரடி பயமும் இல்லை. அப்பா அவளுக்குக் கொடுக்காமல் எனக்கு மட்டும் கொடுத்தது அந்த ஒரு பேர்தான். அதையும் நோட்டில் ஏற்ற எனக்கு மனசு இல்லை. அது இல்லாமல் அவள் பாடம் நொண்டட்டும் என்று நினைத்தேன். வேலை கிடைக்காமல் போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். நினைத்ததை எழுதுகிறேன்.

டெமோவுக்கு என்னையும் கூட வரச் சொன்னாள். தனியாகப் போக உதறல். ஜீப்பில் அமிர்தி வரை இறங்கி, அங்கே பஸ் பிடித்து, கண்ணமங்கலம் போய்ச் சேரும்போது மணி பத்து. அவள் என் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். கேட்டாள், கொடுத்தேன். அவளுக்கு என்னைவிட நன்றாக இருந்தது.

என்னை வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே முப்பது பிள்ளைகள் இருக்கும். கடைசி பெஞ்சில் பிரின்சிபால் அம்மாவும் இன்னொரு டீச்சரும்.

ஆரம்பத்தில் அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஜீப்பைச் சொன்னாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். ஜீப் என்கிற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியது. பிறகு கல்லு. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இங்கிலீஷில் அதைச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கண்ணமங்கலத்தில் ஒரு வகுப்பு முழுக்கக் கல்லானார். வீட்டுக்கு வந்து அவரிடம் இதைச் சொன்னேன். ம் என்றார்.

அப்புறம் யூஃபெமிசம் வந்தது. தவறிட்டார் என்பதைச் சொன்னாள். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க ஊர்ல வேற இன்னா இருக்குது?" என்று கேட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் ஊர் உதாரணம் சொல்லி வந்திருக்கிறாள், இதற்கும் கேட்கத்தானே செய்வார்கள்.

தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வாயசைத்தால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். பிறகு அவள் தமிழில் பேசினாள்.

"எங்க ஊர்ல கரடிக்கி ஒரு பேர் இருக்குது. எனக்குத் தெரியாது. எங்க அக்காவுக்குத் தெரியும். அதோ, வெளியில உக்காந்திருக்காங்க. ஒரு வாரமா கேக்கறேன், சொல்லல. ஏன்னா அந்தப் பேரக் காட்டுலதான் சொல்லணும். இங்க சொன்னா அது இங்க வந்துடும். ஒரு சொல்லுக்கு எவ்ளோ பலம் இருக்குது பாருங்க. அதனாலதான் மனுசங்க நேரா சொல்லாம வேற பேர் வெக்கறாங்க."

முப்பது பிள்ளைகளும் எழுந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். ஒரு பையன் கதவைப் பார்த்துக்கொண்டான், கரடி வருகிறதா என்று. பிரின்சிபால் அம்மா எதையோ எழுதினார்.

பேச்சை எடுத்துக்கொண்டாள் என்று வாயை மூடினேன். மூடிய வாயையும் எடுத்துப் பாடத்தில் வைத்துவிட்டாள். நான் சொல்லியிருந்தால் அது ஒரு உதாரணம், அவ்வளவுதான். சொல்லாததுதான் அவளுக்குப் பெரிய உதவியாகப் போயிற்று.

அரை மணி நேரத்தில் வேலை என்று சொல்லிவிட்டார்கள். ஜூனில் சேர வேண்டும். பிரின்சிபால் அம்மா என்னிடம் வந்து, "நீங்க ரொம்பக் குடுத்து வெச்சவங்கம்மா, இப்படி ஒரு தங்கச்சி" என்றார். ஆமாங்க என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கடலை வாங்கி எனக்குத் தோல் உரித்துக் கொடுத்தாள். நான் வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். அமிர்தி வந்தது. ஜீப்புக்கு நின்றோம்.

"அக்கா, என் மேல இன்னா கோவம்?"

"கோவம் இல்ல."

"பின்ன?"

"பொறாமை."

அவள் கடலையை உரிப்பதை நிறுத்தினாள்.

"நீ போன எடத்துக்கு நான் போயிருக்கணும். பதினாலு வயசுல இருந்து எனக்கு உன்னப் பாத்தா பொறாமை. இதுக்கு இன்னா பேர் வெப்ப?"

அவள் யோசித்தாள். டீச்சர் மாதிரி உண்மையாகவே யோசித்தாள்.

"இதுக்குப் பேர் கெடையாதுக்கா. நேரா சொல்லிட்ட."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்க ஒன்றும் இல்லை. சொன்ன பிறகு குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது.

ஜீப் வந்தது. உள்ளே ஒரு ஆளுக்குத்தான் இடம். அவள் விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள், ஒரு மணி நேரம் நின்று பாடம் எடுத்தவள். நான் முந்தி ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலை ஏறி ஊர் வருகிற வரைக்கும் நான் எழுந்து இடம் கொடுக்கவில்லை.