அண்ணன் வைத்த காற்று

அண்ணன் போன பிறகு அவன் சைக்கிளுக்கு நான்தான் காற்று அடித்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. அடிக்க மட்டும் தெரியும்.

பழசாக வாங்கிய ரேஸ் சைக்கிள் அது. முடிச்சூரில் எங்கள் தெருவைச் சுற்றி எப்போதும் யாராவது வீடு கட்டிக்கொண்டே இருப்பார்கள், ரோடெல்லாம் ஆணி. அதனால் ட்யூப் இல்லாத டயர் போட்டான். உள்ளே பால் மாதிரி ஒரு மருந்து இருக்கும். ஆணி குத்தினால் அது வந்து ஓட்டையை அடைத்துவிடும். முன் டயரில் அப்படி அடைத்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. "குத்துச்சு, பால் பீச்சிக்கினு வந்துச்சு, நான் எறங்கவே இல்ல!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவான்.

அந்த டயரில் காற்று தானாகவே இறங்கும். முழுக்க இறங்கவிட்டால் டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும், கைப் பம்பில் அடித்தால் திரும்ப உட்காராது. அதனால் ஞாயிறு தவறாமல் அடிப்பான். வால்வு கீழே இருந்தால் பால் அடைத்துக்கொள்ளும் என்று சக்கரத்தைச் சுற்றி அதை மேலே கொண்டுவருவான். பம்பு முள் முன்னால் அறுபத்தைந்து, பின்னால் எழுபது காட்டினால் நிறுத்திவிடுவான். "கல்லு மாரி அடிச்சா குலுக்கி எடுத்துடும். நான் ஒல்லி, எனக்கு இது போதும்."

காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

அவனோடு சைக்கிள் ஓட்டுகிறவர் ஒருவர், பொத்தேரிக்காரர், காரியத்தன்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னிடம், "இனிமே நான்தான் உனக்கு அண்ணன், தங்கச்சி. எதுனாலும் கூப்டு," என்றார். நம்பினேன். வேறு யாரை நம்புவது?

ஞாயிறுகளில் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே பால் சளக் சளக் என்று கேட்கும். அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பால் காய்கிறது என்று பயந்து அவரைக் கூப்பிட்டேன். வந்தார். அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டார். பால் ஊற்றித் தருவதாகச் சொல்லி சைக்கிளை எடுத்துப்போனார். துடைத்துப் பளபளவென்று திருப்பிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு இரண்டு சக்கரங்களையும் சுற்றினேன். சத்தமே இல்லை. வெள்ளைப் புள்ளியைத் தேடினேன். அதுவும் இல்லை. போன் போட்டேன்.

"அண்ணா, ரெண்டு சக்கரமும் மாறிப்போச்சு போலக் கீதே?"

"நான்தான் மாத்துனேன். உங்க வூட்ல யாரு ஓட்டப்போறா? சும்மா நின்னா டயர் காஞ்சு வீணாப் போய்டும். அவன் இருந்தா அவனே குடுத்திருப்பான்."

"அவன் குடுத்திருப்பான். நீங்க கேட்டிருக்கணும் இல்ல?"

"சரி சரி, ஞாயித்துக்கிழம எடுத்தாறேன்."

வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவரும் கூட ஓட்டுகிறவர்களும் டீ குடிக்கிற கடைக்கு பஸ் ஏறிப் போனேன். சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. அவருடையதில் அந்த வெள்ளைப் புள்ளி. டயரை அழுத்திப் பார்த்தேன். கல்.

முழுக் காற்றையும் பிடுங்கிவிடத்தான் குனிந்தேன். வால்வு மூடியைக் கழற்றி, முனையைத் திருகி அழுத்தினேன்.

"தங்கச்சி! இன்னா பண்ற, விடு!"

"யாரு மச்சான் இது, உன் சக்கரத்துல கை வைக்குது?" என்று கூட இருந்தவர் சிரித்தார்.

இடது கட்டைவிரலால் டயரை அழுத்தியபடியே விட்டேன். அண்ணன் வைக்கிற பதம் வந்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. முழுக்க விட்டால் டயர் நழுவிவிடும். என்னால் முடியவில்லை. முனையைத் திருகி மூடினேன்.

"கழட்டிக் குடுங்க."

"இப்பவா? நான் எப்டி வூட்டுக்குப் போறது?" அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அங்கே அழவில்லை, பஸ்ஸில் அழுதேன்.

அண்ணன் சைக்கிள் அவருடைய சக்கரங்களோடு ஹாலில் நிற்கிறது. அவற்றில் ட்யூப் இருக்கிறது. நான் காற்று அடிப்பதில்லை; டயர் தரையோடு அமுங்கிக் கிடக்கிறது. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு வந்தால் கேட்கிறாள்: "ஏன்டி காத்தே அடிக்க மாட்டேங்கற? அந்தப் பொத்தேரிப் புள்ளையக் கூப்டு, வந்து பாக்கட்டும். நல்ல புள்ள."