குளிர்காலத்தில் குளிர் கேட்ட கட்டடம்

1. ஜனவரியில் வந்த கம்ப்ளைண்ட்

பாலைவனத்திலும் ஜனவரியில் குளிரும். அந்த மாதத்தில் ஏசி மெக்கானிக்குக்கு சர்வீஸ் வேலைதான் இருக்கும். ஃபில்டர் கழுவுவது, பெல்ட் மாற்றுவது. அப்படி ஒரு ஜனவரியில்தான் "ரூமில் குளிர் பத்தவில்லை, உடனே வா" என்று கம்ப்ளைண்ட் வந்தது.

நான் எட்வின். ஊர் பாறசாலை. வளைகுடாவில் ஒரு ராஜ்யத்தில் அரசாங்கக் கட்டடங்களின் ஏசி பராமரிப்பு எங்கள் கம்பெனியிடம் இருந்தது. எந்த ராஜ்யம் என்று எழுதமாட்டேன். அங்கே இப்போதும் நம் ஊர் ஆட்கள் பிழைக்கிறார்கள்.

அந்தக் கட்டடத்துக்குப் பெயர் 'பயிற்சி மையம்'. பக்கத்திலேயே ஒரு வல்லரசின் ராணுவத் தளம். உலகத்துக்கே ஜனநாயகம் போதிக்கிற வல்லரசு அது. ராஜாவின் எண்ணெய் அவர்களுக்கு. அவர்களுடைய பீரங்கியும் விமானமும் ராஜாவுக்கு. ராஜா தன் ஜனங்களை என்ன செய்தாலும் அவர்கள் பார்ப்பதில்லை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

சூப்பர்வைசர் சுகுமாரன் அண்ணன் நெய்யாற்றின்கரைக்காரர். வண்டியிலேயே சொல்லிவிட்டார்.

"எலே எட்வினே, அங்க போயி ஒண்ணும் கேக்கப்பிடாது, கேட்டியா? நம்ம போறோம், வேலையப் பாக்கோம், வாறோம். அம்புட்டுதான்."

"இந்தக் குளிருல எவனுக்கு அண்ணே ஏசி வேணும்?"

"அதத்தான் கேக்காதன்னு சொன்னேன்."

2. கிரில் வழியாகப் பார்த்தது

வாசலில் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே எங்களைக் கூட்டிப்போனவர் அந்த நாட்டுக்காரர் அல்ல. வல்லரசிலிருந்து வந்த ஆலோசகர். நல்ல மனிதர்போலச் சிரித்தார், தண்ணீர் பாட்டில் கொடுத்தார். ஒரே வரிசையில் ஆறேழு சிறிய அறைகள். அவற்றை இன்னும் குளிராக்க வேண்டும் என்றார். கதவைத் திறக்கவில்லை.

குளிர்காற்று போகிற டக்டில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறினேன். கடைசி அறையின் கிரில் வழியாகக் கீழே பார்த்தேன். ஒரு மனிதர் உடுதுணி இல்லாமல் தரையில் சுருண்டு கிடந்தார். கை பின்னால் கட்டியிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். அவர்மேல் ஊற்றியிருக்கிறார்கள். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மேலே இருந்த எனக்குக் கேட்டது.

அவர் தலையைத் திருப்பினார். யூசுஃப்.

யூசுஃப் பொதுப்பணித் துறை இன்ஜினியர். நாங்கள் முடிக்கிற வேலையைப் பார்வையிட வருவார். வெயிலில் எங்களில் ஒருவன் மயங்கி விழுந்தபோது தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். தேர்தல் வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் போன கூட்டத்தில் அவரும் இருந்தார். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. வெளிநாட்டுக்கு ஓடிவிட்டதாக அரசாங்கம் சொன்னது.

கீழே இறங்கினேன். ஆலோசகரிடம், "சார், உள்ளே ஆள் இருக்கு, செத்துப்போகும்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. "உன் வேலை காற்று. அதைப் பார்" என்றார்.

மொட்டைமாடியில் இருந்த யூனிட்டுக்குப் போனேன். கம்ப்ரசரின் வயரைக் கழற்றினேன். கம்ப்ரசர் எரிந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து புதுசு வந்தால்தான் ஓடும் என்று சொன்னேன். ஆலோசகர் நம்பவில்லை. சுகுமாரன் அண்ணனைச் சோதிக்கச் சொன்னார். அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தார். கம்ப்ரசர் நன்றாக இருப்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார்.

"போச்சு சார். முழுசா எரிஞ்சு போச்சு" என்றார்.

வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "மக்கா, நீ என்னக் கொல்லப் பாக்கிய. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளயள் உண்டு ஆக்கும்" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

3. விமானத்தில் வந்த கம்ப்ரசர்

அதே ஊரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கம்ப்ரசர் எரிந்தபோது புதுசு வர மாதக்கணக்கானது. கோடையில் குழந்தைகள் புழுங்கிக் கிடந்தன. கப்பல் இல்லை, அனுமதி இல்லை என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். பயிற்சி மையத்துக்கு மறுநாளே கம்ப்ரசர் வந்து இறங்கியது, வல்லரசின் ராணுவ விமானத்தில். பெட்டியை அவர்களுடைய சிப்பாய்களே தூக்கிவந்து வைத்தார்கள். இவர்கள் பார்க்காமல் இருக்கவில்லை. இவர்கள்தான் நடத்துகிறார்கள்.

"மாட்டு" என்றார் ஆலோசகர்.

"மாட்ட மாட்டேன்" என்றேன்.

சுகுமாரன் அண்ணன் என் கையைப் பிடித்தார். "எலே, நீ மாட்டலன்னா வேற ஒருத்தன் மாட்டுவான். பின்ன என்ன பிரயோஜனம்?"

"மாட்டட்டும் அண்ணே. நான் மாட்டமாட்டேன்."

என்னை வெளியே கொண்டுபோய் ஒரு அறையில் பூட்டினார்கள். அடி விழுந்தது. இடது காது இன்றும் சரியாகக் கேட்காது. பிறகு விசாவை ரத்து செய்து ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கம்ப்ரசரை யார் மாட்டினார் என்று நான் சுகுமாரன் அண்ணனிடம் இதுவரை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஏர்போர்ட் டிவியில் வல்லரசின் வெளியுறவு அமைச்சர் ராஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். புதிய எண்ணெய் ஒப்பந்தம், புதிய போர் விமானங்கள். 'மனித உரிமை பற்றியும் பேசினோம்' என்று கீழே எழுத்து ஓடியது. என் பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் கொட்டாவி விட்டான்.

4. அதற்குப் பிறகு

ஊருக்கு வந்து அமரவிளையில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப் போட்டேன். கொஞ்ச நாளில், வெளிநாட்டுக்கு ஓடிவிட்டதாகச் சொன்ன அதே ராஜ்யத்து அரசாங்கம், யூசுஃப் மாரடைப்பில் இறந்ததாக அறிவித்தது. அவருடைய தங்கை மரியம் அந்த வல்லரசு நாட்டிலேயே அகதியாக இருக்கிறார். அங்கேயே அந்த நாட்டு அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார். எங்கள் கம்பெனியின் பழைய ஆட்கள் மூலமாக என்னைத் தேடிப்பிடித்தார். ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் வீடியோ வழியாக அவருடைய வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் இனி எந்த வளைகுடா நாடும் விசா தராது என்று தெரிந்துதான் சொன்னேன்.

வழக்கு தள்ளுபடியானது. விசாரித்தால் நட்பு நாட்டோடு உள்ள உறவு கெடும் என்று அந்த அரசாங்கம் சொன்னதாம். நீதிமன்றம் ஒத்துக்கொண்டதாம். என் சாட்சியத்தை யாரும் பொய் என்று சொல்லவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்றார்கள்.

அன்றைக்கு மரியம் கூப்பிட்டார். நம் ஆட்களிடம் பழகிய இந்தியில் மெல்லக் கேட்டார்: "கம்ப்ரசர் ஓடாத அந்த ஒருநாள், அண்ணனுக்குக் குளிர் விட்டிருக்குமா?"

"விட்டிருக்கும் அம்மா" என்றேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளே, நீங்கள் ஓட்டுகிற இயந்திரம் உள்ளே இருக்கிறவனை என்ன செய்கிறது என்று பாருங்கள். கதவைத் திறந்துகாட்ட மறுத்தால் டூல் பாக்ஸைத் திறக்காதீர்கள். அடி விழும், வேலை போகும், யூசுஃபும் பிழைக்கமாட்டார். ஆனாலும் திறக்காதீர்கள். கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிற அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவனுக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. நம்மில் ஒருவன் இல்லாமல் அவர்களால் ஒரு அறையைக்கூடக் குளிராக்க முடியாது.