அம்மா வலைக்குள் இருக்கிறாள்

எங்கள் வீட்டில் அம்மாவை யாரும் எப்போதும் எதற்கும் கூப்பிடலாம். சீப்பைக் காணோம் என்றால் அம்மா. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றால் அம்மா. தெருவில் ரெண்டு நாய் சண்டை போட்டால்கூட அதற்கும் அம்மாதான் எழுந்து வர வேண்டும். பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும் இந்த உரிமையை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரே ஒரு நேரத்தில் மட்டும் அவளைக் கூப்பிடக் கூடாது. அவள் வலை தைக்க உட்கார்ந்திருக்கும் நேரம்.

கோட்டைக்குப்பத்தில் வாசலில் வலையைப் பரப்பி நடுவில் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால், அதைத் தாண்டி உள்ளே போக யாருக்கும் மனசு வராது. தாண்டினால் அந்த வலையில் மீன் படாது என்பார்கள். தைக்கிறவளிடம் பேச்சுக் கொடுத்தால் கண்ணி பிசகிப்போகும் என்பது அதற்கு மேல். பெரியப்பா பெரிய கோபக்காரர். அவரே எங்கள் வாசலில் வலையைக் கண்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றிப் பின்பக்கமாக வருவார். உள்ளே வந்தும் குசுகுசுவென்றுதான் பேசுவார்.

அம்மா ஆரம்பாக்கத்தில் பிறந்தவள், பத்தாவது வரை படித்தவள். பழவேற்காடு கடைத்தெருவுக்கு மளிகை வாங்கப் போனால் நூலகத்துக்குள் நுழைந்து ஒரு தடிப் புத்தகத்தோடுதான் திரும்புவாள். கொண்டுவந்து என்ன புண்ணியம்? எங்கே வைத்துப் படிப்பது? கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பொம்பளையைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ‘சும்மா இருக்கிறாள்’ என்று எடுத்துக்கொள்வார்கள். சும்மா இருக்கிறவளுக்கு வேலை சொல்வது எல்லாருக்கும் கைவந்த கலை.

நான் நாலாவது படித்த வருஷம், ஒரு லீவு நாளில், வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. நீல நைலான் வலை அவள் இடுப்பு வரை குவிந்து கிடந்தது. ஒரு ஓரம் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது, ஊசி கையில் இருந்தது, தலை குனிந்திருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஊசி அசையவே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று பார்த்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் வலைக்குள் என்னவோ சரக்கென்று புரண்டது. நண்டுதான் உயிரோடு மாட்டியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

வலையைத் தாண்டத்தானே கூடாது, நுழையலாமே என்று எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. ஓரத்தைத் தூக்கி, தவழ்ந்து உள்ளே போனேன். அவள் மடியில் புத்தகம் விரிந்து கிடந்தது. அம்மா திடுக்கிடவில்லை, அதட்டவில்லை. விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, விட்ட வரியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படி ஒரு படிப்பை நான் இதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. செல்போனை முன்கூட்டியே அரிசி டப்பாவில் போட்டு மூடியிருந்தாள். அது அரிசிக்குள்ளிருந்தே முனகி முனகி ஓய்ந்தது. எதிர்வீட்டு டிவியில் யாரோ அழுதார்கள். பூனை வந்து, மதியத்துக்கு வைத்திருந்த மடவை மீனை எங்கள் கண்ணெதிரேயே கவ்விக்கொண்டு போனது. நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை. ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி மடிக்குள் தள்ளிவிட்டு ஊசியை எடுப்பாள் பாருங்கள், அப்புறம் அந்த விரல்களைக் கண்ணால் பிடிக்க முடியாது. மற்றவர்கள் அரைநாள் தைப்பதை ஒரு மூச்சில் தைத்து முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவாள். பெரியம்மா இது தெரியாமல் ஊரெல்லாம் பெருமை பேசினாள், வலை தைக்கும்போது அவள் தலையை நிமிர்த்துவதே கிடையாது என்று.

நான் இன்றைக்கு அனுப்பம்பட்டில் ரயிலேறி வேலைக்குப் போகிறவள். பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். ரெண்டு பக்கம் புரட்டுவதற்குள் கை தானாகப் போனைத் தேடும். அந்த நேரமெல்லாம் அம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாகவும் பொறாமையாகவும் இருக்கும்.

நான் வலைக்குள் நுழைந்த அந்தச் சமயத்தில் அவள் படித்துக்கொண்டிருந்தது மலைநாட்டுத் தபால்காரர் ஒருவரின் குடும்பக் கதை. அம்மா மலையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று, அங்கே இந்நேரம் பனி இறங்கியிருக்கும் என்பாள். எங்கே என்று கேட்டால் சிரிப்பாள். தபால்காரர் பெண்ணுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டில் அனுப்புவார்களா மாட்டார்களா என்பதில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஏரியில் இறால் படும் நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். நம் பாடு வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த நாளைக் கோட்டைவிட்டால் மறுபடியும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்பாவை நாங்கள் நைனா என்போம். பெரியப்பாவுக்கும் நைனாவுக்கும் படகும் இறால் வலையும் பொது. அந்தத் தடவை எங்கள் பாடு வருவதற்கு முதல் நாள் வலையில் பெரிய பொத்தல். நைனா கொண்டுவந்து வாசலில் போட்டார். மறுநாள் காலையில் அம்மா உட்கார்ந்தாள், மடியில் தபால்காரரோடு.

அன்றைக்கு அத்தியாயம் முடிந்தும் அவள் ஊசியை எடுக்கவில்லை. கதை அப்படிப்பட்ட கட்டத்தில் இருந்திருக்கிறது. சாயங்காலம் பெரியப்பா ஆட்களோடு வந்தபோதுதான் கடைசிப் பக்கம் முடிந்தது. புத்தகத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, முகத்தில் சிரிப்பு. அவர்கள் வலையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனதை வேடிக்கை பார்த்தாளே தவிர, மலையிலிருந்து அவள் இன்னும் இறங்கியிருக்கவில்லை. உலையில் அரிசியைப் போடும்போதுதான் கை அப்படியே நின்றது.

“அந்தப் பொத்தல்ல நான் கையே வெக்கலடி” என்றாள் என்னிடம்.

ரெண்டு பேரும் கரைக்கு ஓடினோம். படகு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நைனா போனைப் படகில் கொண்டுபோக மாட்டார், ஏற்கெனவே ஒன்றை ஏரிக்குக் கொடுத்தது போதும் என்பார். அம்மா தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிக் கையை ஆட்டினாள். அவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

விடிந்து திரும்பியபோது மற்றவர்கள் கூடையில் இறால் குவிந்திருந்தது. எங்கள் கூடையில் அடியில் கொஞ்சம் கிடந்தது. பெரியப்பா வலையை மணலில் விரித்து, பொத்தலுக்குள் தன் தலையையே நுழைத்து ஊருக்குக் காட்டினார். தலை தாராளமாகப் போய் வந்தது. தம்பி பெண்சாதியிடம் அவர் நேராகப் பேச மாட்டார், அதனால் நைனாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

“நாள் பூரா வலைக்குள்ள குந்தினு இருந்துச்சே, இன்னா பண்ணிச்சுனு கேளு.”

நைனா தலையைச் சொறிந்துகொண்டு, படகில் ஏற்றும் முன் பார்க்காமல் விட்டது தன் தப்பு என்றார். பெரியப்பாவுக்கு ஆறவில்லை. இனிமேல் பொது வலை வீட்டுக்கே போகக் கூடாது, கரையிலேயே ஆள் வைத்துத் தைக்கட்டும் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த நைனாவுக்கு அம்மா சோறு போட்டாள். போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தான் புத்தகம் படித்துக்கொண்டிருந்துவிட்டதைச் சொன்னாள். எத்தனை நாளாக இப்படி என்பதையும் மறைக்கவில்லை. நைனா நிமிராமல் சாப்பிட்டார்.

“முடிஞ்சிடுச்சா?” என்றார் கடைசியில்.

“இன்னாது?”

“பொஸ்தகம்.”

“முடிஞ்சிடுச்சு.”

“அந்தப் பொண்ண அனுப்புனாங்களா இல்லியா?”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் தூங்கும்போது அவரிடம் கதை சொல்லி வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அனுப்பிவிட்டார்கள் என்றாள். நைனா சரி என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார்.

அதன் பிறகு எங்கள் வாசலில் வலை இல்லை. அம்மா புதிதாக ஒரு புத்தகம் எடுத்து வந்தாள், பாவம். அறைக்குள் உட்கார்ந்தால் என் தம்பி அவள் கழுத்தில் ஏறினான். அடுப்படியில் உட்கார்ந்தால் பெரியம்மா பாத்திரம் கேட்டு வந்து, வந்தது வந்தோமென்று மருமகள் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்குப் பின்னால் வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்து பார்த்தாள். வாசலில் வலை இல்லாவிட்டாலும், பழகிப்போன பின்பக்கம் வழியாகத்தானே பெரியப்பா வருவார். போனை மறுபடி அரிசி டப்பாவில் போட்டால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்க ஆளே நேரில் வந்தது. இத்தனை நாளும் அவளைக் காப்பாற்றி வந்தது அந்த நீல நூல்தான் என்று எங்களுக்கு என்ன தெரியும்? அவள் எங்களை அடிக்க ஆரம்பித்தாள். மீனைத் தீய்த்தாள். புத்தகத்தைத் திறப்பதும், அதே பக்கத்தைப் படிப்பதும், மூடுவதுமாக இருந்தாள். ஒருநாள் அதை எடுத்து மளிகைப் பைக்குள் வைத்தாள்.

“குடுத்துட்டு வந்துடறேன். இனிமே எடுக்கல” என்றாள் நைனாவிடம். “எனுக்கு இதெல்லாம் ஆவாது.”

அவள் குரலில் அழுகைகூட இல்லை. நாளைக்குப் போய்க்கொள், இன்றைக்கு வெயில் அதிகம் என்று மட்டும் நைனா சொன்னார்.

நைனாவிடம் சொந்தமாக ஒரு மடவை வலை இருந்தது. பாடு இல்லாத நாளில் தனியாகப் போட என்று அப்போதுதான் புதிதாக வாங்கியது. அதன்மேல் அவருக்கு உயிர். எங்களைத் தொட விட மாட்டார். ஈரக்கையோடு வந்து நின்றாலே துரத்துவார்.

அன்று மத்தியானம் கவிழ்த்துப் போட்ட படகுக்கடியில் நான் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக நைனா வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. மடியில் புது வலை. சுற்றுமுற்றும் பார்த்தார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். வலையில் ஒரு இடத்தைப் பிடித்தார், விட்டார், வேறு இடத்தைப் பிடித்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சரசரவென்று அறுத்தார். ஒன்று போதவில்லை போலிருக்கிறது, தள்ளி இன்னொன்று. என் நைனாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அதைவிட மோசம், அவர் பொய் சொன்னது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் கேட்கிற மாதிரி பெரியம்மாவிடம் புலம்பிக்கொண்டே வந்தார்.

“புது வலை அண்ணி, நண்டு பூந்து நாசம் பண்ணிட்டுது. என் சொந்த வலையாச்சே, வூட்லதானே தெக்கணும்.”

பெரியம்மா உச்சுக்கொட்டினாள். நைனா வலையை எங்கள் வாசலில் போட்டு, நாலு மூலையையும் இழுத்து, வழக்கத்தைவிட அகலமாகவே பரப்பினார். அம்மா வந்து அறுந்த இடத்தைக் கையில் எடுத்தாள். நண்டு கடித்தால் நூல் பிசிறு பிசிறாக நிற்கும். இது நேர்கோடாக இருந்தது. மீன்காரன் வீட்டில் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். அம்மா அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு நைனாவைப் பார்த்தாள். அவர் கூரைமேல் இருந்த காக்காயை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய நண்டுதான்” என்றாள் அம்மா.

“ஆமா, ரொம்பப் பெருசு. மெதுவா தெய்யி, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு நைனா டீ குடிக்கப் போய்விட்டார்.

அம்மா உள்ளே போய் மளிகைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். வலைக்கு நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தைத் திறந்தாள். தெருவே அடங்கியது மாதிரி இருந்தது.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கண்ணெதிரே இப்படி ஒரு அநியாயம் நடந்திருக்கிறது, அம்மாவோ ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்து, அவள் காதில் வாயை வைத்துச் சொல்லியேவிட்டேன்.

“அம்மா, நண்டு இல்லம்மா. நைனாதான் கத்திய வெச்சி அறுத்துது. நான் பாத்தேன்.”

அம்மா திரும்பவில்லை. கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்கக்கூட இல்லை. காதிலேயே விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய சங்கதியைச் சொல்லியும் காதில் விழாத அளவுக்கு ஒருத்தி படிக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமான ஆச்சரியம்.

அவள் பக்கத்தைத் திருப்புவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் வாசலைத் தாண்டிப் போகும்வரை அவள் திருப்பவே இல்லை. அந்த ஒரே பக்கத்தில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ, அம்மா அதையே பார்த்துக்கொண்டு, தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.