இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

நான் எட்டாவது வரை படித்தவன். பட்டுப் புடவைக் கரைக்குக் கட்டத்தாளில் டிசைன் வரைவது என் தொழில். ஒரு கட்டம் என்றால் ஒரு இழை. கரையில் வரும் மாங்காய் உருவத்தின் அகலம் இரட்டைப்படையில் வந்தால் நுனியில் இரண்டு கட்டம் சேர்ந்து நிற்கும். தறியில் அரை இழை கிடையாது, அதனால் எங்களுக்கு அது குற்றமே இல்லை.

பத்தாவது படிக்கும் என் மகள் ஒருநாள் y = x² − 5x + 4 என்ற வளைவை வரைந்துகொண்டிருந்தாள். x-க்கு 2 போட்டாலும் 3 போட்டாலும் −2 வந்தது. அடியில் எப்படி முடிப்பது என்று கேட்டாள். எனக்குத்தான் கட்டம் தெரியுமே! "ரெண்டையும் நேரா சேத்துடும்மா. ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்குது" என்றேன்.

அரையாண்டுத் தேர்வில் அதே மாதிரி கணக்கு வந்தது. அடியைத் தட்டையாகவே வரைந்தாள். மதிப்பெண் போயிற்று.

தாள் கைக்கு வந்த அன்றே புத்தகத்தை விரித்து எனக்கு விளக்கினாள். x-க்கு 0 போட்டால் 4. வளைவு y அச்சை வெட்டும் இடம் அது. y பூச்சியமாகும் இடங்கள் 1, 4. அங்கே x அச்சை வெட்டுகிறது. அந்த இரண்டுக்கும் சரிநடு இரண்டரை. முனை அங்கேதான், −2¼ வரை இறங்கும். நான் சொன்னது தப்பு.

பெற்றோர் கூட்டத்தில் கணக்கு ஆசிரியர் அவள் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "பரவளையம் வரையச் சொன்னா அடி தட்டையா குண்டான் வரைஞ்சிருக்குது உங்க பொண்ணு." சிலர் சிரித்தார்கள். அடுத்த வருடம் எந்தப் பிரிவு என்று எழுதும் படிவத்தை என் பக்கம் தள்ளினார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குப் பிரிவு தாங்காது, வேறு ஏதாவது எழுதுங்கள் என்றார். இன்ஜினியராக வேண்டும் என்றிருந்த மகள், என் பக்கத்தில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்தாள்.

பிள்ளைகளே, தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம். அதற்காக வீட்டையே ஒருவர் பழித்தால் பொறுத்துப் போக வேண்டியதில்லை.

"அந்தக் குண்டான் நான் சொல்லிக் குடுத்தது, சார். வேற கணக்கு குடுங்க, இங்கயே போடுவா" என்றேன்.

அவர் கரும்பலகையில் y = x² − 3x − 4 என்று எழுதினார். மகள் எழுந்து போனாள். வெட்டும் இடங்கள் −1, 4 என்று எழுதினாள். 1-க்கும் 2-க்கும் −6 வந்தது. அவர் காத்திருந்தது அந்த இடத்துக்குத்தான். சாக்பீஸ் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டுக்கும் நடுவில், ஒன்றரையில், −6¼-க்கு இறங்கிப் புள்ளி வைத்தாள்.

"ஒரு கணக்கு வந்துட்டா போதுமா?" என்றார் ஆசிரியர்.

"வராத கணக்கையும் இங்கயே உக்காந்துக்கினு கத்துக்குவா, சார்."

படிவத்தில் கணக்குப் பிரிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போனது. போகட்டும் என்று அப்படியே கொடுத்தேன்.